சத்தமில்லாத வீடியோ

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? மெல்போர்ன் குளிரிலும் நான் நலம்தான்.

சனிக்கிழமை ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆட்டத்தில் தோற்றோம். உயரத்திலிருந்து இறங்கிய பந்துக்கு, "விடு, என்னோடது" என்று கத்தினேன். பந்துக்கு நேர் கீழே நின்ற எங்கள் அணி டார்சி விலகி வழிவிட்டான். எதிராளி பாய்ந்து வருவதைக் கண்டு நான் பின்வாங்கிவிட்டேன்.

திங்களன்று எல்லோரையும் உட்காரவைத்து வீடியோ போட்டார்கள். அதில் சத்தம் வராது. "பந்து உன் தலைக்கு மேல இருக்கு, ஏன்டா ஒதுங்கின? பயந்தாங்கொள்ளி" என்று டார்சியைத் திட்டினார் கோச். டார்சி என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். இந்த வாரம் அவன் அணியில் இல்லை.

எலுமிச்சை ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பு. ஒரே வீட்டில் தங்கியிருந்தும் டார்சி இப்போது என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. டிவியில் அந்த ஆட்டத்தைப் பார்த்து அப்பா டார்சியைத் திட்டித் தீர்க்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்தத் திட்டெல்லாம் எனக்குச் சேர வேண்டியது என்று சொல்லிவிடு.

உன் மகன்,
ரோரி