கை நனைக்காத மூன்று நாள்

வானவடி, புனே
9.12.2003

அன்பு மகள் ப்ரீத்திக்கு, அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் இரண்டு மாதமாக ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நீ அந்த டொரண்டோ குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் கார்டு தீருகிறவரை அழுதுவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்க வரும் என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், மெதுவாகவே படி. பதிலைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, நீ தாவுகிறவள் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் நான்கு நாள் போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை என்று கீழ்வீட்டு சுஷ்மாவைக் கேட்டாயாம். கடல் பார்க்க கோவா போயிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாயாமே. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். தூத்துக்குடியில் பிறந்தவளுக்குக் காசு கொடுத்துக் கடல் பார்க்க வேண்டிய தலையெழுத்தா? அந்த கோவாக்காரப் பையன் சாவியோவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா இல்லையா, கிறிஸ்துமஸுக்குள் சொல்லுங்கள் என்று நீ கெடு வைத்தாய். அன்றிலிருந்து அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் அடுப்பில் பால் வைத்துவிட்டு பால்கனியில் போய் நிற்கிறேன். கடைசியில் அப்பாதான் சொன்னார், இங்கே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று. பையனின் அம்மா பெனோலிமில் மாதா கோயிலுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறையை டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார் என்று நீதானே சொன்னாய். டூரிஸ்ட்டாகவே போய்விடுவோம், யாரென்று சொல்ல வேண்டாம், பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. உனக்கு இது மறந்திருக்கும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவாகிறவரை சோற்றில் கை வைக்கக் கூடாது, வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சித்திக்கு மாப்பிள்ளை பார்க்க கட்கிக்குப் போனபோது உனக்கு ஆறு வயது. பசிக்கிறது என்று உட்கார்ந்து ரசம் சாதத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டாய், நான் தொடையில் கிள்ளிக்கொண்டே இருந்தேன், அவர்கள் வீட்டு அம்மா பெண் வீட்டார் கை நனைத்தாயிற்று என்று சிரித்தார்கள். அப்படி வந்தவர்தான் உன் சித்தப்பா. இந்தத் தடவை அப்படி எதுவும் நடந்துவிடக் கூடாது என்று சப்பாத்தி, புளியோதரை, தக்காளித் தொக்கு, இட்லிப்பொடி எல்லாம் ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டுதான் ஸ்வார்கேட்டில் பஸ் ஏறினேன். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, சீசன் என்று அங்கே எல்லாம் யானை விலை. கடற்கரைக் கொட்டகையில் ஒரு துண்டு வறுத்த மீனுக்குச் சொன்ன விலையைக் கேட்டு அப்பா மெனு கார்டைக் கையெடுத்துக் கும்பிட்டு வைத்துவிட்டு வந்தார்.

பையனின் அம்மா பெயர் எஸ்பெரான்சா, எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. பூப்போட்ட கவுனும் இடுப்பில் சாவிக்கொத்துமாக வந்து அறையைத் திறந்து காட்டினார். நாளைக்கு ஐந்நூறு என்றார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? சம்பந்தியாக வரப்போகிறவரிடம் அரை மணி நேரம் பேரம் பேசினார்! ஃபேன் சத்தம் போடுகிறது, ஜன்னலிலிருந்து கடல் தெரியவில்லை, தென்னைமரம்தான் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லி முந்நூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. டூரிஸ்ட் என்றால் பேரம் பேசத்தானே வேண்டும், பேசாவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று பிறகு எனக்கு விளக்கம் வேறு. அதோடு விட்டாரா, ரெஜிஸ்டரை நீட்டியதும் மாடசாமி, வனஜா, வானவடி, ஃபிளாட் நம்பர் என்று ஒன்று விடாமல் அப்படியே எழுதிவிட்டார். வந்த காரணம் என்று கேட்ட இடத்தில் சுற்றுலா என்று எழுதுங்கள் என்று காதைக் கடித்தேன். முப்பத்துநாலு வருஷம் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் ஆடிட் பார்த்தவனால் ரெஜிஸ்டரில் பொய் எழுத முடியாது என்று சொந்த விஷயம் என்று எழுதிவைத்தார். நம்ம வேஷம் அவ்வளவுதான் தாங்கியது. ஆனால் அந்த அம்மா முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாளும் எனக்கு இருப்பே கொள்ளவில்லை ப்ரீத்தி. அப்பா பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் கால் நனைத்து உட்கார்ந்திருப்பார், நான் மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். உன் மாமா என்ன சொல்வார், நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பாய், திருநீறு பூசினால் தட்டிவிடுவார்களா, நான் செத்தால் நீ எந்த முறையில் அழுவாய் என்றெல்லாம் மனசு ஓடும். உண்மையைச் சொல்கிறேன், என் உயிர்த்தோழி செல்வமேரியின் வீட்டில் தின்று வளர்ந்தவள் நான், மாதா கோயில் மணி கேட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்பினேன். அப்படிப்பட்டவளுக்கே சொந்தம் என்று வரும்போது மனசு ஒப்பவில்லை. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஒப்பவில்லை. காலையில் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறவரிடம் பாவ் ரொட்டி வாங்கி, தொக்கைத் தொட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே சாப்பிட்டோம். கீழேயிருந்து தேங்காய் அரைத்த மீன் குழம்பு வாசனை மேலே ஏறி வரும். அப்பாவும் தூத்துக்குடிக்காரர்தானே, பாவம், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசனையோடு பாவ் தின்றார். அந்த அம்மா கொண்டுவந்த டீயை மட்டும் குடித்துவிட்டார், கேட்டால் டீ தொண்டையைத்தான் நனைக்கும் கையை இல்லையாம். நான் அதையும் தொடவில்லை. முதல் நாள் சாப்பிட வாருங்கள் என்றார், மறுநாளும் கூப்பிட்டார், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது. வாடகை கொடுக்கவே கஷ்டப்படுகிறவர்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் கணக்குத் தீர்க்கக் கீழே இறங்கினோம். மேஜையில் ஒரு புதுக் குக்கர் இருந்தது, மூடியில் ஒட்டிய விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டு அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னார், பெஹன்ஜி, நேற்று மட்காவ் போய் வாங்கி வந்தேன், இதில் மீனோ இறைச்சியோ பட்டதில்லை, வெறும் சோறும் பருப்பும்தான், என் கை பட்டது என்பது மட்டும்தான் குறை, ப்ரீத்தியின் அம்மா என் வீட்டில் பட்டினியாகப் போகக் கூடாது என்று. பிள்ளை எங்கள் பெயரையும் ஊரையும் முன்பே சொல்லியிருந்ததால் ரெஜிஸ்டரைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம், நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று காத்திருந்தாராம். எனக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆயிற்று. மூன்று நாளாக அந்த அம்மா நம்மைத் தீட்டுப் பார்க்கிறவர்கள் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார், நான் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன பாவம் செய்தேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். தீட்டெல்லாம் இல்லை, நாங்கள் மீன் தின்கிறவர்கள்தான், இந்த மனுஷர் மூன்று நாளாக உங்கள் குழம்பு வாசனையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி, கை நனைக்கிற விஷயத்தை எனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில் விளக்கினேன். அப்படியென்றால் இப்போது சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை ப்ரீத்தி, நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அந்த அம்மா குக்கரைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே ஓடி மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் கை நனைத்துவிட்டோம். இதுதான் பதில்.

இருந்தாலும் கவலை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை, நினைத்தாலே பக்பக் என்கிறது. பெயர், திருநீறு எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து எனக்கு எழுதுங்கள். அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் ஆகாதாம், நமக்கு மார்கழி ஆகாது, கல்யாணத்துக்கு வைகாசி முதல் வாரம், கோவாவில் மழை பிடிக்கும் முன் இரண்டு பேருக்கும் தோதுப்படுகிறது, லீவுக்குச் சொல்லிவை. வாடகைக்கு அப்பா ஐந்நூறு கணக்கில் கொடுக்கப் பார்த்தார், அந்த அம்மா பேசியது பேசியதுதான் என்று முந்நூற்றைம்பதுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இந்தக் கடிதம் வருகிறவரை பிள்ளையிடம் மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் செய்தார், அவர் இருந்த சந்தோஷத்தில் காப்பாற்றியிருப்பாரா தெரியாது.

ராத்திரி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் படு. வெறும் பிரெட்டைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. முருகன் உன் கூடவே இருப்பான், மாதாவும் இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பையனை இங்கே கூட்டி வரும்போது பயப்பட வேண்டாம் என்று சொல். வேலை என்ன, சம்பளம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இலை போட்டு வைத்திருப்பேன், வந்ததும் முதல் வேலையாகக் கையை நனைக்கச் சொல்.

உன் அம்மா
வனஜா