முக்காலிக்கு மேலே தொங்கிய மணி

சட்டைக்குள் நுழைந்த இடது கை பாதி வழியில் நின்றுவிட்டது. போன மாதம், காலை டூட்டிக்குக் கிளம்புகிற நேரம். பிடிவாதமாக இழுத்துப் பார்த்தேன். தோளுக்குள் ஆணி அடித்தது. காபியோடு வந்த என் வீட்டுக்காரி, "என்னங்க, பழையபடியா?" என்றாள். எட்டு வருஷமாகப் பரணில் கிடக்கிற வெண்கல மணிதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் நீங்கள். வரிசை தப்பு, மன்னிக்க வேண்டும்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பின்கட்டில் உங்கள் அதே பிசியோதெரபி அறை, வலிக்கு ஒத்தடம் கொடுக்க மெழுகு உருக்குகிற அதே வாசனை. உள்ளே இருந்தவர் வேறு யாரோ. "அம்மா லீவா?" என்று ஆயாவிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதாண்ணே? போன ஆடியில தவறிட்டாங்களே. நெஞ்சு வலின்னாங்க, அம்புட்டுத்தான்" என்றார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு என் வயசுதான் இருக்கும். இந்த ஆஸ்பத்திரி வாசலைத் தினம் நாலு தடவை பஸ்ஸில் தாண்டிப் போகிறவன் நான். ஒரு நாளாவது இறங்கி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

உங்களிடம் நான் முதலில் வந்தது கரண்டு வைத்துக்கொள்ள. அப்போது மதுரையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். தோள் பிடித்தாலும் சரி, முட்டி வீங்கினாலும் சரி, "கரண்டு வைக்கப் போறேன்." எனக்கு வலது தோள் மூன்று மாதமாக இறுகிக்கொண்டே வந்திருந்தது. தோல் பை மாட்டுகிற தோள் என்பதால் பையைக் குற்றம் சொன்னேன். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டதில் இன்னும் மோசமாகி, தலைவாரக்கூட முடியாமல் போனது. பெரிய டாக்டர் சீட்டு எழுதி உங்கள் அறைக்கு அனுப்பினார். நான் நேராகப் போய் அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன்.

"அதுக்கு என்னண்ணே அவசரம்? முதல்ல சொல்லுங்க. கையை எதுக்குத் தூக்கணும் உங்களுக்கு?" என்றீர்கள்.

என்ன கேள்வி இது என்று எரிச்சலாக இருந்தது. கையைத் தூக்குவதற்குக் காரணம் வேறு வேண்டுமா? அப்புறம்தான் பார்த்தேன், அங்கே எல்லாரிடமும் அதே கேள்விதான். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கொண்டை போட வேண்டும். சோழவந்தானிலிருந்து வந்த ஒருவருக்கு ஏணியில் நின்று வெற்றிலைக் கொடியைக் கட்ட வேண்டும். நான் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன்: "நான் கண்டக்டர்மா. மேல ஓடுற மணிக்கயித்தை இழுக்கணும். ஒண்ணு அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சாப் போகணும்."

"விசில் இல்லையா?"

"எங்க வண்டி போடுற சத்தத்துல விசில் டிரைவர் காதுல விழாதும்மா. கயிறுதான்."

நீங்கள் அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்ற எங்கள் வண்டியில் ஏறி, தையல்காரர் வைத்திருக்கிற நாடாவால் கயிற்றின் உயரத்தை அளந்தீர்கள் என்று டிரைவர் அண்ணன் சொன்னபோது நான் நம்பவே இல்லை. "மாப்ள, ஒரு அம்மா வந்து நம்ம வண்டிக்கு சட்டை தைக்க அளவெடுத்துட்டுப் போகுது" என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அடுத்த நாள் உங்கள் அறையில் ஒரு முக்காலி கிடந்தது. அதற்கு நேர் மேலே, கூரைக் கொக்கியிலிருந்து ஒரு வெண்கல மணி. மாட்டுக்குக் கட்டுகிற மணிதான், அதன் நாக்கில் ஒரு துண்டுக் கயிறு. "நின்னா எக்குவீங்க. அதனால உக்காந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டிருக்கேன். இந்தக் கயித்தைப் பிடிச்சு ரெண்டு அடிச்சீங்கன்னா உங்க வண்டி கிளம்பும்" என்றீர்கள்.

முதல் மூன்று வாரம் மணியைத் தொடவே விடவில்லை. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. விரல்களைச் சுவரில் பல்லிபோல மேலே ஏற்றுவது. பிறகு கிணற்றுச் சகடையில் கயிறு போட்டு, நல்ல கையால் கெட்ட கையை இழுத்துத் தூக்குவது. கரண்டும் வைத்தீர்கள். அது இதமாகத்தான் இருந்தது. "அப்பாடா" என்று கண்ணை மூடினால் உடனே சொல்வீர்கள்: "கரண்டு சூட்டுக்கு மட்டும்தான்ணே. வேலையை நீங்கதான் பாக்கணும்." எனக்கு அழுகை வராத குறை. வலி அப்படி. பெரிய மீசை வைத்துக்கொண்டு, கொண்டை போட வந்த அம்மாவுக்கு முன்னால் "ஆத்தாடி" என்று கத்தியவன் நான். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

அப்போது என் மருத்துவ விடுப்பு முடியப்போகிற நேரம். திங்கட்கிழமை டூட்டியில் சேர வேண்டும். கை சரியாகிவிட்டது என்று உங்கள் கடிதம் இருந்தால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வேலையே போய்விடும் என்று டிப்போவில் பயமுறுத்திவைத்திருந்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மணி எனக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. ஒருநாள் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, உடம்பை இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். தோள் அசையவே இல்லை, ஆனால் கை உயர்ந்துவிட்டது. மணி இரண்டு தடவை அடித்தது! நீங்கள் அங்கிருந்தே, "பரவால்லையே!" என்றீர்கள். எனக்குக் குதிக்காத குறை. அன்றிலிருந்து தினமும் அதே வித்தைதான். வீட்டில்கூட என் வீட்டுக்காரியிடம் பெருமையாகச் செய்து காட்டினேன்.

பதினைந்து வருஷமாக டிக்கெட் எடுக்காமல் வருகிறவர்களைப் பிடித்தே பிழைத்தவன் நான். தூங்குவதுபோல நடிப்பவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவன், "பின்னாடி எடுக்கிறாங்க" என்று சொல்பவன், எல்லாரையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். என் முகத்தைப் பார்க்க ஓர் ஆள் இருந்ததுதான் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வாங்க வந்தேன். நீங்கள் முக்காலியை நகர்த்தி, என் இடுப்பும் விலாவும் சுவரோடு ஒட்டும்படி இடது பக்கம் சுவரை ஒட்டிப் போட்டீர்கள். மணியையும் அதற்கு நேராக மாற்றிக் கட்டினீர்கள். "இப்ப அடிங்கண்ணே."

சாய்வதற்கு இடம் இல்லை. கை காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. கயிறு நாலு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் எடுக்காமலே இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்களேண்ணே" என்றீர்கள்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குத்தான் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். "உங்களுக்கென்னம்மா, உக்காந்த இடத்துல சம்பளம்! ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா உங்க சொத்தா போகுது? என் வயித்துல அடிக்காதீங்க!" என்றேன். ஆயா கதவுக்கு வெளியே வந்து நின்று பார்த்தார். நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு குடையை எடுத்தீர்கள். "வாங்க. நாம ரெண்டு பேரும் ஒரு ட்ரிப் போயிட்டு வருவோம். நல்லா அடிச்சிட்டீங்கன்னா அங்கேயே எழுதித் தாரேன்."

ஒத்தக்கடை வண்டி, சாயங்காலக் கூட்டம். காலேஜ் பிள்ளைகள், சந்தைக் கூடைகள், மூச்சுவிட இடமில்லை. அன்று அந்த வண்டிக்குக் கண்டக்டர் என் சிநேகிதன்தான். நீங்கள் அவனிடம் காதோடு ஏதோ சொன்னீர்கள். அவன் பின்படிக்குப் போய்விட்டான். முன்படிப் பக்கம் மணி அடிக்கும் பொறுப்பு என்னுடையது. என் இடது பக்கம் ஒருவர் சாக்கு மூட்டையை அணைத்து நின்றார். வலது பக்கம் நீங்கள். தலைக்கு மேலே என் பழைய கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏப்பா, நிப்பாட்டச் சொல்லு. எறங்கணும்" என்றார் கீரைக்கூடையோடு ஓர் அம்மா. அவர் கால் ஏற்கெனவே படியில் இறங்கிவிட்டது. நான் கையைத் தூக்கினேன். சாய முடியவில்லை, சாக்கு மூட்டை இடிக்கிறது. கை காதருகே வந்து நின்றது. இன்னொரு தடவை தூக்கினேன். வண்டி நிற்கவில்லை. நிறுத்தம் பின்னால் போய்க்கொண்டிருக்க, அந்த அம்மா கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "யாத்தே!" என்று அலறினார். நீங்கள் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தீர்கள். பின்படியிலிருந்து என் சிநேகிதன் மணியை அடித்தான். வண்டி நின்றது. "கயிறு அந்து போச்சாண்ணே?" என்று எவனோ கேட்டான். சிலர் சிரித்தார்கள்.

ஒத்தக்கடையில் இறங்கி ஓர் ஓரமாக நின்றோம். நான் நிமிரவில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று இருந்தேன். "உங்க கைக்கு மட்டும்னா நேத்தே எழுதியிருப்பேண்ணே. அந்த அம்மா காலுக்கும் சேத்து எழுதணும்ல?" என்றீர்கள். அவ்வளவுதான். திரும்பிப் போகும் வண்டி வரும்வரை உங்கள் குடை நிழலில் என்னையும் நிறுத்திக்கொண்டீர்கள்.

நீங்கள் எழுதிக்கொடுத்த கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தீர்கள். தோள் சரியாகவில்லை, இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தால் ஆள் முழுசாகத் திரும்பிவிடுவார் என்று. அதைக் கொடுக்கப் போனபோது எனக்கு உயிரே இல்லை. மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, "பரவால்லப்பா, இந்த அம்மா உன்னை விட்டுக்கொடுக்கலையே" என்று சொல்லி டைம் கீப்பர் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். வேலை போகும் என்று பயந்து நான் செய்த அத்தனை திருட்டும் வீண். கேட்டிருந்தாலே கிடைத்திருக்கும்.

இரண்டரை மாதம் சுவரை ஒட்டிய முக்காலிதான். நாலு விரற்கடை மூன்றானது, இரண்டானது. இரண்டிலேயே மூன்று வாரம் நின்று என் உயிரை வாங்கியது. கொண்டை அம்மா குணமாகிப் பூ வைத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள், நான் எதையும் எதிர்பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை, மணி அடித்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இன்னொன்று அடித்தேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி யாருடைய கையிலோ மெழுகு பூசிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ம். டிக்கெட் இருக்கு" என்றீர்கள்.

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூடப் படவில்லை. இதை என் வீட்டுக்காரி படித்துவிடக் கூடாது.

டூட்டியில் சேர்ந்த பிறகு பழத்தட்டோடு வந்தேன். நீங்கள் மணியைக் கொக்கியிலிருந்து கழற்றி என் கையில் வைத்தீர்கள். "இது எதுக்கும்மா எனக்கு?" என்றேன். "கொண்டுபோங்கண்ணே. இன்னொரு தோள் இருக்குல்ல? சில பேருக்கு அஞ்சாறு வருஷம் கழிச்சு அதுவும் பிடிக்கும்" என்றீர்கள். நல்ல நாளில் இப்படியா சொல்வது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

சொன்னபடி பிடித்துவிட்டதும்மா. ஆனால் இந்தத் தடவை எனக்குப் பயம் இல்லை. இப்போது நான் செக்கிங் இன்ஸ்பெக்டர், கயிறு இழுக்கிற வேலையும் இல்லை. பழைய பாடம் எல்லாம் நினைவிருக்கிறது. குனிந்து ஆட்டினேன், சுவரில் விரலை ஏற்றினேன். நேற்றுதான் மணியைப் புளி போட்டுத் தேய்த்து, பின்னறை உத்தரத்தில் கட்டினேன். கீழே முக்காலி.

இன்று காலை அறையில் யாரும் இல்லை. உட்கார்ந்து இடது கையைத் தூக்கினேன். எட்டவில்லை. என்னை அறியாமல் உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. மணி அடித்துவிட்டது. அடுப்படியிலிருந்து, "அட, அதுக்குள்ளயா?" என்று சந்தோஷமாகக் குரல் வந்தது. "இல்லடி, அது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு, எழுந்து முக்காலியைச் சுவரோரம் தள்ளினேன். மணியையும் அவிழ்த்து அதற்கு நேராகக் கட்டினேன். வலது விலா சுவரில் பட உட்கார்ந்தேன். மறுபடி தூக்கினேன். கை காதருகே வந்து நின்றது. கயிறு மேலே, நாலு விரற்கடை.

அடுப்படியில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. நான் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன் அம்மா.