புறங்கையால் தொட்டது

அப்பா,

டப்பாவைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. என் மகள் பாப்பாவுக்கு வாங்கிய காது மிஷின். எடுக்கப் போன என் கை தானாகத் திரும்பிக்கொண்டது, புறங்கையால்தான் தொட்டேன். நீங்கள் போய் இவ்வளவு காலம் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

தோட்டத்து மோட்டார் ரூமில் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்ட நாளிலிருந்து, புதிதாக எது வந்தாலும் நீங்கள் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீர்கள். உள்ளங்கை என்றால் கரண்ட் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் தள்ளிவிடும் என்பீர்கள். காரமடை வீட்டுக்குக் கிரைண்டர் வந்தபோது தொட்டீர்கள், சரி. வயரே இல்லாத பிரஷர் குக்கரையும் அப்படித்தான் தொட்டீர்கள்.

"கண்ணாலத்தன்னைக்கு என்னையும் இப்பிடித்தான் தொட்டாரு அம்மணி, உங்கப்பா," என்று அம்மா சிரித்தாள்.

"அன்னைக்கே ஷாக்கு அடிச்சுது. வெளிய சொல்ல முடியுமா?" என்றீர்கள்.

பிறகு அந்தத் தலைவலி வந்தது. கோயமுத்தூரில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குகை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்த மிஷினைப் புறங்கையால் தொட்டீர்கள். "நான் ஊட்டுக்குப் போறேனுங்க," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். எம்.எஸ்ஸி. படித்தவள் நான், எவ்வளவோ கெஞ்சினேன். என்ன வியாதி என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

அப்போது உங்கள் மேல் வந்த கோபம் இப்போது எனக்கு உதவவில்லை. பாப்பாவுக்கு மூன்று வயசு. "பேச்சு வர்ற வயசு போயிட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டமுங்க," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கும் தெரிகிறது. ஆனாலும் இந்தத் தெருவின் ஹாரனையும் தறிச் சத்தத்தையும் அந்தச் சின்னக் காதுக்குள் ஒரே நாளில் திறந்துவிட மனசு வரவில்லை.

மிஷினை நான் தொட்டபோது அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் கையையும் திருப்பி, புறங்கையால் தொட்டாள். சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதிலிருந்து டப்பாவைக் கண்டாலே வீறிட்டு அழுகிறாள். பீரோவில் வைத்து மூடிவிட்டேன்.

உங்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். புதுசைக் கண்டால் பயப்படு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அப்பா. சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.