அவர் கொடுத்த கத்தி, நான் கிழித்த வலை

இயராபெத்ரா, ஏப்ரல் 9

அன்பு மகள் கரிஃபாலியாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எலும்பு முறியாதவர்கள் எல்லாரும் நலம். முறிந்தது உன் ஞானத்தகப்பன் மனூசோஸுக்கு, முறித்தவன் நான். வேறு வாய் வழியாக உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன், கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

பிப்ரவரியில் நம் பிளாஸ்டிக் கூடாரத்துத் தக்காளி இலையெல்லாம் தீய்ந்தாற்போல் வெளுத்தது. தொலைபேசியில் நீ படித்துப் படித்துச் சொன்னாய், "அப்பா, இலையில கோடு கோடா இருந்தா ஈ, திட்டுத் திட்டா இருந்தா அந்துப்பூச்சி, வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க" என்று. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! எங்களுக்குள் நடந்த தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பழிவாங்க, பக்கத்துக் கூடாரத்து மனூசோஸ் களைக்கொல்லி அடித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். நம் தக்காளியை வாங்கும் கிடங்குக்காரர்கள் வேறு, காய்களின் காம்படியில் ஊசித்துளை இருக்கிறது என்று அத்தனை பெட்டியையும் திருப்பி அனுப்பினார்கள். களைக்கொல்லி துளை போடுமா என்று யோசிக்க மூளை வேண்டாமா? உன் ஞானஸ்நானத்தன்று அவர் எனக்குப் பரிசளித்த வெள்ளிப்பிடிக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், அவர் கூடாரத்துப் பூச்சிவலையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழித்தேன். "டேய் சிஃபி, பைத்தியமாடா உனக்கு? வலையை விடுடா, பூச்சி உள்ள வந்துரும்டா!" என்று ஓடி வந்தார். கத்திக்குப் பயப்படாமல் வலைக்குப் பயந்தாரே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மண்வெட்டிக் காம்பால் அவர் வலது கையில் ஓங்கிப் போட்டேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அம்மாதான் நம் செடியில் ஓர் இலையைப் பறித்து வெயிலில் பிடித்தாள். திட்டுக்குள் அரிசி நீளத்தில் ஒரு பச்சைப் புழு நெளிந்தது. "இந்தாங்க, உங்க களைக்கொல்லி" என்று இலையை என் முகத்தில் விட்டெறிந்தாள். கிடங்கிலிருந்து ஓசியில் கிடைக்கிறதே என்று நான் தூக்கி வந்த பழைய பெட்டிகளில் வந்த பூச்சி அது. நான் கிழித்த வலை வழியே புகுந்து, ஒன்றரை மாதத்தில் அவருடைய ஆறாயிரம் செடியையும் தின்றுவிட்டது. வருஷ வருமானம் மொத்தமும் போயிற்று.

நேற்று கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எலும்பு இன்னும் சரியாகக் கூடாமல் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர், "வச்சுக்கோ. அதாலயே என் செடியையும் அறு, ஒண்ணு விடாம" என்றார். பூவும் காயுமாக அறுத்தேன், என் கையும் சேர்ந்து கிழிந்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் "அடுத்தது" என்று மட்டும் சொல்வார். எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தியபோது நான் அழுதேன், அவர் அழவில்லை. ஜூனில் இங்கே நடக்கும் உன் கல்யாணத்தில், ஞானத்தகப்பன் முறைக்கு உன் தலையிலும் மாப்பிள்ளை தலையிலும் மணமுடி மாற்ற வேண்டிய கையாயிற்றே அது. கல்யாணத்துக்கு வருவீங்களா அண்ணே என்று கேட்டேன். "புள்ளைக்காக வருவேன். இடது கையால முடி மாத்துவேன். ஆனா உன் கையால ஒரு சொட்டு ரக்கிச் சாராயம் குடிக்க மாட்டேன்" என்றார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி, வாங்கிக்கொள்ள மனமிருந்தால். மெல்போர்னில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். ஞானத்தகப்பனோடு பேசு, மறக்காதே, எனக்காக மட்டும் ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே. கல்யாண விருந்தில் எனக்குப் பதிலாக ரக்கி ஊற்ற உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா
சிஃபிஸ்