இரட்டைத் தலை நாயின் கயிறு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டில் இருப்பதை அண்ணி சொல்லிவிட்டார். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

என் தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை. முதுகுப் புண்ணில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்பதை எழுத மாட்டேன்.

நாடக ஒத்திகையில் விளக்கு சாய்ந்து, அவன் போட்டிருந்த இரட்டைத் தலை நாய் வேஷத்தில் தீப்பிடித்தபோது ஏன் அதைக் கழற்றவில்லை என்று போலீஸ்காரர் கேட்டார். “கயித்த நான்தான் சரியா பாக்காம முடிச்சுப் போட்டுட்டேன், தைச்ச மாமா மேல ஒரு தப்பும் இல்ல” என்று சொல்லிவிட்டான். பேசுவதற்கே மூச்சு வாங்குகிறது, அதில் உங்களுக்காக ஒரு பொய்.

பொய் என்று எனக்குத் தெரியும். தையல் அறைக்குப் போய், நீங்கள் பார்த்துத் துணி வெட்டிய, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த அந்தப் பழைய வேஷப் படங்கள் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். தகட்டில் செதுக்கியது அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும், அதனால் கண்ணாடியில் காட்டித்தான் வெட்டுவேன் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீர்களே! முன்பக்கப் படத்தில் நாயோடு சண்டை போடும் வீரன் இடக்கையில் வாள் பிடித்திருக்கிறான். அது திரும்பிய படம்தான். பின்பக்கப் படத்தில் வலக்கையில் பிடித்திருக்கிறான். அதைச் செதுக்கியவர் வேறு ஆள், அச்சில் சரியாக விழும்படி யோசித்துத் திருப்பியே செதுக்கியிருக்கிறார். நீங்கள் பழக்க தோஷத்தில் அதையும் திருப்பிவிட்டீர்கள். கையை நுழைத்து ஆட்டும் இரண்டாவது தலை இருக்கும் அதே வலப்பக்கத்துக்கு, இடப்பக்கம் வர வேண்டிய முதுகுக் கயிறும் வந்துவிட்டது. வலக்கை தலைக்குள் மாட்டியிருக்கிறது, இடக்கை அங்கே எட்டாது. அவன் என்ன செய்வான்?

நாடகக் கம்பெனி முதலாளி அதே அளவில் இன்னொன்று தைக்கச் சொல்லியிருக்கிறார். வேறொரு வீட்டுப் பிள்ளை போடப் போகிறான். கயிற்றை இடப்பக்கம் மாற்றித் தைத்துவிட்டேன். ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எனக்குக் கோபம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வருகிறேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், நேரில் திட்ட ஆள் இல்லையே என்று அழுகை வருகிறது. இரண்டு தலை நாயைத் தைத்த மனிதருக்கு, இருக்கிற ஒரு தலையைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லையா?

நீங்கள் ஓடிப்போனதை அவனிடம் சொல்லவில்லை. கண் விழிக்கும்போதெல்லாம், “மாமா எங்கக்கா? வெளிய நிக்கிறாரா? உள்ள வரச் சொல்லு” என்கிறான். வாசலில்தான் நிற்கிறார், டாக்டர் உள்ளே விட மாட்டேன் என்கிறார் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி என்று கண்ணை மூடிக்கொள்கிறான். விழிக்கிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது.

கிடைக்கிற முதல் வண்டியில் ஏறுங்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், எனக்குச் சமாதானமும் சொல்ல வேண்டாம். அவன் அடுத்த தடவை கேட்கும்போது, நீங்கள் நிஜமாகவே அந்த வாசலில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உங்கள் மனைவி