பழத்துக்கு விரித்த துணி

ஜன. 6, வியாழன்

பனி. எட்டு மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை.

மாடி வீட்டு ஜமீலா அக்கா ஈரோட்டுக்குக் கிளம்பினார். மகள் நசீமாவுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர. பத்து நாள் ஆகும். மொட்டை மாடியில் இருக்கும் ஐந்து ஸ்ட்ராபெர்ரித் தொட்டியும் அதுவரை என் பொறுப்பு. கல்யாணமான புதிதில் நசீமா குன்னூரில் தின்ற பழமாம், மசக்கையிலிருந்து அதையே கேட்கிறாள். அக்கா அங்கிருந்து நாற்று வரவழைத்து வளர்க்கிறார்.

அக்கா சொன்னவை (மறந்துவிடுவேன்):
– குழாய்த் தண்ணீர் மட்டும். போர் தண்ணீர் உப்பு.
– வேரில் ஊற்று. இலை நனையாமல்.
– நடுக்குருத்தை மண் மூடக் கூடாது.
– காய் மண்ணில் பட்டால் அழுகும். அடியில் வைக்கோல். (தீர்ந்துவிட்டது, நான் வாங்க வேண்டும்.)

ஆட்டோவில் ஏறும்போதும் அதே பேச்சு. "அவ கையாலயே பறிச்சுத் திங்கோணும் கண்ணு. பாத்துக்க."

ஜன. 8, சனி

பனியன் கம்பெனியில் ஓவர்டைம். செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீக்கம். வைக்கோலுக்கு அவிநாசி ரோட்டு மாட்டுக்கொட்டகை வரை போக வேண்டும். யாரால் முடியும்? கம்பெனிக்குப் பின்னால் ப்ளீச்சிங் பட்டறை வாசலில் கிழிசல் பனியன் துணி, வெள்ளை வெளேர் என்று குவியல். கேட்டால் அள்ளிக்கொள் என்றார்கள். ஒரு பை நிறைய. இன்னும் ஈரம்.

ஜன. 9, ஞாயிறு

ஒவ்வொரு காய்க்கும் அடியில் துணியை மடித்து வைத்தேன். ஏழு காய். ஒன்று லேசாகச் சிவந்திருக்கிறது. வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்து, காய்க்கு மெத்தை போட்ட முதல் ஆள் நீதான் என்று கிண்டல். எனக்குப் பெருமைதான். அப்படியே துணி மேலேயே தண்ணீர் ஊற்றினேன்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

ஜன. 11, செவ்வாய்

இலை ஓரமெல்லாம் பழுப்பு. தண்ணீர் போதவில்லையோ? இன்னும் இரண்டு சொம்பு.

ஜன. 12, புதன்

இலையில் வெள்ளைத் திட்டு. சிவந்த காய் சுருங்கிவிட்டது. பயமாக இருந்தது. மதியம் பட்டறையில் வேலை செய்யும் பழனிசாமி அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார்.

"அது அலசாத துணிங்க. கைல பட்டாலே எரியும். செடி எப்படிங்க தாங்கும்?"

ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்திருக்குமே என்றார். எங்கே அடித்தது? காலையில் கண் விழித்தால் அந்த வாடைதான், சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அந்த வாடைதான். என் மூக்குக்கு அது காற்று.

ஓடி வந்து துணியை எடுத்து மாடி மூலையில் வீசினேன். எங்கள் குடிதண்ணீர் இரண்டு குடத்தையும் தொட்டியில் ஊற்றினேன். இருட்டும்வரை அங்கேயே.

ஜன. 14, வெள்ளி

பொங்கல். ஐந்தும் போய்விட்டது.

ஜன. 16, ஞாயிறு

வந்துவிட்டார்கள். நசீமா மூச்சு வாங்க நேராக மாடிக்கு ஏறினாள், பின்னாலேயே அக்கா. தொட்டிகளைப் பார்த்து நின்றாள். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "பனி கருக்கிடுச்சுங்க அக்கா."

எவ்வளவு சுலபமாக வந்தது பொய். அக்கா என் தோளைத் தட்டினார். குளிர்ந்த ஊர்ச் செடியை இங்கே கொண்டுவந்தது தன் புத்திகெட்டத்தனமாம், நான் பாவம் தினமும் ஊற்றினேனாம். கீழே வரும்போது ஈரோட்டு அல்வா ஒரு பொட்டலம் வேறு கொடுத்தார். பிரிக்கவில்லை. நான் கேடுகெட்டவள்.

ஜன. 17, திங்கள்

வேலைக்குப் போகும் முன் துணி காயப்போட மாடிக்குப் போனேன். கொடியில் அந்த வெள்ளைத் துணிகள். வரிசையாக. அக்கா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் கிடந்ததாம், சும்மா தண்ணீரில் முக்கிப் பிழிந்தாராம்.

"மெத்துனு இருக்குது கண்ணு. பாப்பாக்கு இடுப்புத்துணிக்கு ஆகும். இன்னும் கொஞ்சம் கொண்டாறயா?"

சரி என்று தலையாட்டிவிட்டு, வேறு நல்ல துணி கொண்டுவந்து மாற்றிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"வேண்டாங்கக்கா. அது அலசாத ப்ளீச்சிங் துணி. புண்ணாயிரும். வைக்கோலுக்குப் பதிலா அதைத்தான் விரிச்சேன். செடி செத்தது அதுலதானுங்க."

அக்கா துணியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நேத்து பனின்னு சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். நானும் உருவப் போனேன்.

"நீங்க போங்க. நான் எடுத்துக்கறேன்."

ஆறு வருடத்தில் அக்கா என்னை நீங்க என்றது இன்றுதான்.