நான் தாமதித்த சொல்

இன்று காலை பேளுக்குறிச்சிச் சந்தைக்குள் நுழையும்போதே மிளகு நெடி மூக்கில் ஏறியது. மழை விட்டுப் பாதை காய்ந்திருக்கிறது. உங்கள் கொல்லிமலைக்காரர்கள் இறங்கிவரத் தொடங்கிவிட்டார்கள். புளியமரத்தடியில் தலையில் மூட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். பின்னால் வந்தவர் மூட்டைக்கு அடியில் கைகொடுத்து, "இறக்குங்க" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு மேலே நடக்க முடியவில்லை. வாங்க வந்ததை வாங்காமலே கடைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் மூன்று மாதமாகிறது. உனக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. உயிரோடு இருந்தபோதே உனக்கு வந்த கடிதங்களை நான்தான் படித்துச் சொன்னேன். இருந்தாலும் எழுதுகிறேன். உன் தோள் போனதற்குக் காரணம் நான். எட்டு வருடமாக அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்னை முதலில் பார்த்ததும் இதே சந்தையில்தான். சேலத்தில் துணிக்கடை வேலையிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நீ இரண்டு ஆள் சுமையைத் தலையில் வைத்து, போதாததற்கு ஒரு பலாப்பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாய். மலையில் உங்கள் பெரக்கரை நாட்டு ஆட்கள் ஒல்லியானவர்கள். உன்னை மட்டும் எதைப் போட்டு வளர்த்தார்கள் என்று சந்தையே கேட்டது. "கேவுருக் களியும் பலாப்பழமுந்தானுங்க" என்று வெட்கப்பட்டாய். சேலத்தில் இரும்புக் குண்டு தூக்கும் பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கிறது, வா என்றேன்.

"தூக்கி எங்கீங்க கொண்டு போறது?"

"எங்கேயும் இல்லை. திரும்ப அங்கேயே வைக்க வேண்டியதுதான்."

நீ சிரித்த சிரிப்பில் கக்கத்துப் பலாப்பழம் நழுவிவிட்டது. ஆனாலும் வந்தாய். வேடிக்கை பார்க்கத்தான் வந்தாய் என்று நினைக்கிறேன்.

கூடத்தில் எல்லோரும் தூக்கிய குண்டை மேலிருந்து தொப்பென்று போடுவார்கள். நீ போட்டதே இல்லை. "சொமந்ததைக் கீழ போடறதாவதுங்க?" என்பாய். இன்னொரு பழக்கம் கூடத்து வாத்தியாரைப் படாதபாடு படுத்தியது. நீயாக இறக்கவும் மாட்டாய். கொல்லிமலைப் பாதையில் தலைச்சுமைக்காரருக்குத் தன் காலடி தெரியாது. கூட வருபவர்தான் இடம் பார்த்து 'இறக்குங்க' என்று சொல் கொடுக்க வேண்டும். சொல் வரும்வரை கழுத்து ஒடிந்தாலும் நிற்பார்கள். போட்டியிலோ நடுவர் கையைக் கீழே காட்டினால் இறக்கலாம் என்பது விதி. "அந்தக் கையைப் பார்த்து நீயே இறக்கப்பா" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"கையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அவரு சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினாய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னை எப்போதும் 'நீ' என்று கூப்பிட்ட நான், அந்த ஒரு சொல்லில் மட்டும் உங்கள் வழக்கப்படி 'ங்க' சேர்த்துச் சொல்வேன். நீயோ வயதில் மூத்தவன், கடைசிவரை என்னிடம் 'ங்க' போட்டே பேசினாய். அதை விடு என்று ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்கலாம்.

சேலத்தில் ஜெயித்தாய், திருச்சியில் ஜெயித்தாய். மதராஸ் மாகாணப் போட்டியில், உடல் எடைக்கு வரம்பே இல்லாத பெரிய பிரிவில், இரண்டு வருடம் உன்னை அசைக்க ஆளில்லை. அங்கே இருந்தவர்கள் பாதிப்பேர் பாலும் பாதாமும் தின்று வளர்ந்த பயில்வான்கள். உன்னைப் பார்த்து முதல் வருடம் சிரித்தார்கள், இரண்டாம் வருடம் எழுந்து நின்றார்கள். கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது, "இத்தனை தண்ணியும் ஒரு வெள்ளாமைக்கும் ஆகாதுங்களா?" என்று வருத்தப்பட்டாய். நான் உன் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பேன். குண்டைத் தூக்கியதே நான்தான் என்பதுபோல நடப்பேன்.

மூன்றாம் வருடம். வெளிநாட்டுப் போட்டிக்குக் கப்பலேறிப் போகிற அணியில் உன்னைச் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. கடைசித் தூக்கு. அதுவரை அந்த மேடையில் யாரும் தூக்காத எடை. தோளுக்கு ஏற்றினாய், மூச்சுப் பிடித்தாய், தலைக்குமேல் கொண்டுபோய் நிறுத்தினாய். நடுவராக இருந்த வெள்ளைக்காரத் துரை கையைக் கீழே காட்டிவிட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

என் பக்கத்தில் போட்டோக்காரர் ஒருவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். "ஒரே நிமிஷம் சார், நிற்கச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. பேளுக்குறிச்சிக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்ட வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நிதானமாக ஐந்தாறு எண்ணுகிற நேரம் இருக்கும். உன் இடது தோளில் ஏதோ நரம்பு துள்ளியதைப் பார்த்தேன். அப்போதும் பேசாமல் இருந்தேன். பளீரென்று வெளிச்சம் அடித்த பிறகுதான் "இறக்குங்க" என்றேன். நீ மெதுவாக, ஓசையே வராமல், கீழே வைத்தாய். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

பதக்கத்தை வலது கையால் வாங்கினாய். அந்த இடது கை அதற்குப் பிறகு காதுக்கு மேல் எழவே இல்லை. கப்பல் நீ இல்லாமல் போனது.

படம் நன்றாக வந்திருந்தது. பிறகு நான் பேளுக்குறிச்சியில் போட்ட கடையின் சுவரில்தான் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் 'என்ன கம்பீரம்' என்கிறார்கள். துரை கையைத் தாமதமாகக் காட்டிவிட்டார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூசாமல் சொன்னேன். பாவம், அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ. நான் அப்படிச் சொல்லும்போது நீ பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாய். நம்பிவிட்டாய் என்று நினைத்து நிம்மதியடைந்தேன். சீ, என்ன பிறவி நான்.

நீ மலைக்கே திரும்பினாய். சுமை தூக்க முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை? மற்றவர்களுடைய மூட்டைக்குப் பின்னால் நடந்து, இடம் பார்த்துச் சொல் கொடுக்கிறவனாக ஆனாய். மாகாணத்தையே ஜெயித்தவன் சின்னப் பையன்களின் சுமைக்குப் பின்னால் நடந்து வந்தாய். சந்தைக்கு வரும்போதெல்லாம் என் கடையில் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவாய். ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. டோலி கட்டிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர எட்டுப் பேர் தயாராக இருந்தார்களாம். "வழுக்கற பாதையில என்னையத் தூக்கிட்டு நீங்க வுழுந்தா ஆரு பதில் சொல்றது?" என்று நீதான் மறுத்துவிட்டாய். இந்தத் தடவை எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் மழையோடு மலை ஏறினேன். வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். நான் வந்து சேர்ந்தபோது உன் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் உன் மனைவி என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணுமுங்க. அவரு கேக்கோணும் கேக்கோணும்னே இருந்தாரு. உங்களுக்குச் சங்கடமாயிரும்னு கேக்காமயே போயிட்டாரு."

"கேளும்மா."

"மதராஸுல அந்தத் தொரை கையக் காட்டுனதை அவரே பாத்தாராமுங்க. ஆனா நீங்க சொல்லு குடுக்கலீங்களாமா. எங்க மலையில சொல்லு வரலீன்னா காலுக்குக் கீழ ஏதோ ஆகாதது கெடக்குதுன்னுதானுங்க அர்த்தம். 'அவரு எதையோ பாத்துட்டுத்தான் நிறுத்துனாரு, அவசரப்பட்டு எறக்கியிருந்தா உசுரே போயிருக்கும், தோளோட போச்சு'ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாருங்க. தொரை மேல பழி போட்டீங்களே, அதுகூட உசுரக் காப்பாத்துன பெருமையப் பேச மனசில்லாமத்தான்னு சொல்லுவாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "என்னதாங்கண்ணா இருந்துச்சு அங்க?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அத்தனையும் நாக்கு வரை வந்தது. அவளைப் பார்த்தேன். அவளுக்கு மிச்சம் இருந்தது நீ நம்பிய அந்த ஒன்றுதான்.

"மேடையில பலகை ஒடஞ்சிருந்துச்சும்மா" என்றேன்.

"ஏதோ இருந்திருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, எழுந்து நின்று, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தடுக்க எனக்குக் கை வரவில்லை. மலை இறங்கி இத்தனை நாளாகியும் அந்தக் கும்பிடு என் மேலேயே இருக்கிறது.